மறைந்த ஓவியரின் அறையைப் படமெடுக்க எது சரி: போனா, கேமராவா, போட்டோகிராபரா, முப்பரிமாண ஸ்கேனா?

ஓவியராக வாழ்ந்த ஒருவர் இறந்த பிறகு, அவர் வேலை செய்த அறையைப் பல குடும்பங்கள் பூட்டி அப்படியே வைத்திருக்கின்றன. சில வருடங்களில் ஏதாவது ஒரு நெருக்கடி வரும். வீட்டை விற்க வேண்டியிருக்கும், கூரை ஒழுகும், சாவி வைத்திருக்கும் அம்மாவுக்குத் தள்ளாமை வந்துவிடும். அறையைப் படமெடுத்து வைத்துவிடலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தான். எப்படி எடுப்பது என்பதில்தான் பேச்சு நின்றுபோகிறது. போனே போதும் என்பார் மகன். கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபரைக் கூப்பிடலாம் என்பார் மருமகள். வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஏதோ ஒரு ஸ்கேன் ஆப்பின் லிங்க்கை அனுப்புவார். இப்படி நடுவில் நிற்பவர்கள் என்னிடமும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இதைச் செய்து முடித்தவர்கள் என்பதால் கேட்கிறார்கள்.

என் பெரியப்பா காலண்டர் ஓவியர். நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்துவந்த சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வரையத் தொடங்கினார் அல்லவா, அந்த வழியில் வந்தவர். ஆகவே இங்கே நான் சொல்வது பெரும்பாலும் போஸ்டர் கலர், டிரேசிங் பேப்பர், ஸ்கெட்ச் அட்டை என்று இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை மனதில் வைத்து. எண்ணெய் ஓவியர், தஞ்சாவூர் ஓவியர் வீடுகளுக்கு எங்கே மாறுமோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

## கருவிக்கு முன்னால் ஒரு கேள்வி: அறையா, பொருள்களா?

இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி 1964இல் இறந்தார். பொலோன்யா நகரில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு பல பத்தாண்டுகள் பாட்டில்களையும் குவளைகளையும் தகர டப்பாக்களையும் திரும்பத் திரும்ப வரைந்தவர். 1989–90இல் லூயிஜி கிர்ரி என்ற போட்டோகிராபர் அந்த அறையைப் படமெடுத்தார். ஜன்னல் வெளிச்சம், அலமாரி, மேசை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே. 2015இல் ஜோயல் மேயரோவிட்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே போனார். அவர் அந்தப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, மொராண்டியின் மேசைமேலேயே வைத்து, தனித்தனியாக எடுத்தார்.

இரண்டும் நல்ல வேலை. ஆனால் வரிசை முக்கியம். பொருள்களை அடுத்த வருடம்கூட எடுக்கலாம். அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்த விதத்தை, யாரும் கை வைப்பதற்கு முன்னால் மட்டும்தான் எடுக்க முடியும். மொராண்டி தன் மேசைத் தாளில் எந்தப் பாட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டு வைத்திருந்தார். பாட்டில்களை மட்டும் படமெடுத்துவிட்டு மேசையைத் துடைத்திருந்தால் அவர் வேலை செய்த முறையில் பாதி போயிருக்கும்.

ஆகவே பெருக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், ஒட்டடைகூட அடிக்க வேண்டாம். முதலில் அறை, பிறகு பொருள்கள், கடைசியில் ஓவியங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஓவியங்களை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துவைத்து எடுத்துவிட்டு, அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

அறை நிற்குமா, கலையுமா? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முடிவை மாற்றும். அறை அப்படியே இருக்கப்போகிறது என்றால் நிதானமாக, அழகாக எடுக்கலாம். விட்டது எதுவானாலும் அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம். கலையப்போகிறது என்றால் அழகைவிட விடுபடாமல் இருப்பது பெரிது.

நிறம் உண்மையாக வருமா? ஓவியர் வீட்டில் நிறம்தான் செய்தி. தட்டில் காய்ந்த கலவையிலிருந்து அவர் எதை எதோடு சேர்த்தார் என்று தெரியும்.

இடம் தெரியுமா? எது எதன் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில், எந்த ஜன்னலுக்கு எதிரே.

இருபது வருடம் கழித்துத் திறக்குமா? பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய ஃபைல் ஒரு கம்பெனியின் சந்தாவை நம்பி இருக்கக் கூடாது.

அறைக்கும் வீட்டுக்கும் ஆபத்து உண்டா? எண்ணெய் ஓவியர் அறையில் பழைய டர்பன்டைன் பாட்டிலும் லின்சீட் எண்ணெய் துடைத்த துணியும் இருக்கும். எளிதில் தீப்பற்றும் அவற்றின் பக்கத்தில், சூடாகிற ஹாலோஜன் விளக்கைக் கொண்டுபோய் வைப்பது விபரீதம். எல்இடி மட்டும்தான். பிளாஷால் சாயம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். சில தடவை அடிப்பதால் அப்படி எதுவும் ஆகாது. அது படத்தில் பளபளவென்று அடித்துக் கெடுக்கும் என்பதுதான் பிளாஷை வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம்.

யார் கைக்குப் போகிறது? அந்த அறையில் பாஸ்புக், கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கும். படத்தில் அதுவும் விழும்.

பணம் இதில் ஏன் இல்லை என்று தோன்றலாம். எல்லா வழியிலும் கையிலிருந்து போகும் பணத்தைவிட மறைமுகச் செலவுதான் பெரிதாக இருக்கிறது. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## போன்

கையில் இருக்கிறது, இன்றே தொடங்கலாம். இதைவிடப் பெரிய பலம் வேறில்லை. நாளை மறுநாள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் போனை எடுங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் இன்றைய போனில் புத்தக முதுகில் இருக்கும் எழுத்தும் படிக்கும்படி வரும்.

சிக்கல் நிறத்தில்தான். நாம் ஒரு தடவை தட்டினாலும் போன் பல படங்களை எடுத்துச் சேர்த்து, நிழலை வெளுப்பாக்கி, நிறத்தைக் கூட்டி, ஓரங்களைக் கூர்மையாக்கித் தருகிறது. மனித முகத்துக்கும் கடற்கரைக்கும் அது அழகு. எங்கள் பெரியப்பாவின் ஜன்னலோரச் சுவருக்கு அது ஒத்துவரவில்லை. பிரஷ்ஷைப் படத்தில் வைப்பதற்கு முன்னால் அந்தச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். கிருஷ்ணருக்கான நீலம் மட்டும் அங்கே ஒரு முழ அகலத்துக்கு இருக்கிறது. சாம்பல் கலந்தது, பச்சை ஓடியது, வெள்ளை கூடி வெளுத்தது, ஊதாப் பக்கம் சாய்ந்தது, கடைசியில் அவருக்குப் பிடித்துப்போய் நிறுத்திக்கொண்டது. போனில் அவ்வளவும் இரண்டே நீலமாக வந்தது. இரண்டுமே சுவரில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தன.

இன்னொன்று, சின்ன அறை என்பதால் எல்லோரும் 0.5 என்ற அகல லென்ஸுக்குப் போவார்கள். அதில் ஓரத்தில் இருக்கும் வட்டமான கலர் டப்பா முட்டை வடிவத்துக்கு இழுபடும், சுவர்கள் பின்னால் சாயும். 1 என்று இருக்கும் மெயின் லென்ஸில், சுவரைத் துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுப்பதே நல்லது.

மறைமுகச் செலவு எடுத்த பிறகு வருகிறது. குடும்பக் குழுவில் வாட்ஸ்அப்பில் போட்ட படம் சுருங்கிப்போகும், ஆனால் பல வீடுகளில் கடைசியில் மிஞ்சுவது அந்தச் சுருங்கிய படம்தான். அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இருப்பிடக் குறிப்பை அணைத்துவிடுங்கள். விலைமதிப்புள்ள ஓவியங்கள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று படத்துக்குள்ளேயே எழுதி ஊருக்கு அனுப்ப வேண்டாம்.

போன் யாருக்குச் சரி: அவகாசமே இல்லாதவர்களுக்கு. அப்புறம், வேறு எந்த வழியில் போனாலும் கூடவே குறிப்பெடுக்க.

## கேமராவும் டிரைபாடும், வீட்டு ஆளே எடுப்பது

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேமரா வாங்க வேண்டியதில்லை. மதுரை, திருநெல்வேலி மாதிரி ஊர்களிலேயே நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா, 24 மில்லிமீட்டர் வரை அகலமாகப் போகும் லென்ஸ், அசையாத டிரைபாட், ஒரு கலர் கார்டு. இவ்வளவுதான் சாமான்.

24 போதுமா என்று சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்றால் 24 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ பதினைந்தடி அகலத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு அடிச் சுவர் முழுதாக வந்து இரண்டு பக்கமும் இடம் மிஞ்சும். 14, 16 என்று போனால் அறை மண்டபம் போலத் தெரியும். அந்தப் பொய் இங்கே வேண்டாம். சின்ன அறையில் அவர் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து வேலை செய்தார் என்பது படத்தில் தெரிய வேண்டும்.

விளக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம், குண்டு பல்பு ஒரு நிறம். மூன்றும் கலந்தால் எந்தக் கலர் கார்டும் காப்பாற்றாது. நேர் வெயில் விழாத நேரமாகப் பார்த்து, ஜன்னலை மட்டும் நம்பி எடுங்கள். டிரைபாட் இருப்பதால் ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்தாலும் கவலையில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8. ஜன்னலே இல்லாத அறை, டியூப் லைட்தான் கதி என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், அல்லது அதைவிட மெதுவாக. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். அதைவிட வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

கலர் கார்டு என்பது 24 கட்டங்கள் கொண்ட அட்டை. ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் அளந்து வரையறுக்கப்பட்டது. சில ஆயிரம் ரூபாய் ஆகும், இந்த வேலையில் அதற்கு ஈடான செலவு கிடையாது. வெளிச்சம் மாறும்போதெல்லாம் கார்டை வைத்து ஒரு படம். கேமரா ரா ஃபைலாக, அதாவது நிறத்தை மாற்றாத மூல ஃபைலாகச் சேமிக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கார்டை வைத்து மற்றப் படங்களின் நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பெரியப்பாவின் நீலங்கள் அப்படித்தான் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. அவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று இன்று திரையில் பார்த்தே சொல்ல முடிகிறது.

எடுக்கும் வரிசை: அறையின் நான்கு மூலைகளிலிருந்து எதிர் மூலையை நோக்கி. பிறகு ஒவ்வொரு சுவரும் நேருக்கு நேர், இடமிருந்து வலமாக, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. பிறகு தரை, கூரை, கதவின் பின்பக்கம், மேசைக்கு அடி. மேசையின் மேல்பரப்பை நேர் மேலிருந்து. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே எதையும் அசைக்காமல்.

இதோடு ஒரு தொகுதி தனியாக எடுக்கச் சொல்வேன். அவர் உட்கார்ந்த இடத்தில், அவர் கண் இருந்த உயரத்தில் லென்ஸை வைத்து, அவர் பார்த்த திசைகளில் எல்லாம் எடுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தவர் என்றால் நாலடிக்குக் கொஞ்சம் கீழே வரும். தரையில் சம்மணமிட்டு வரைந்தவர் என்றால் இன்னும் கீழே. நின்ற உயரத்தில் எடுத்த படத்தில் தெரியாத விஷயங்கள் இதில் தெரியும். அவர் தலைநிமிர்ந்தால் கண்ணில் பட்டது எந்தப் படம், கை நீட்டினால் எட்டியது எது என்பதெல்லாம் அந்த உயரத்தில்தான் புரிகிறது.

மறைமுகச் செலவு நேரம்தான். எடுப்பதற்கு ஆகிற நேரத்தைவிட, பிறகு உட்கார்ந்து பெயர் போட்டு நிறம் சரிசெய்ய ஆகும் நேரம் அதிகம். ரா ஃபைல்கள் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒவ்வொன்றும் 25, 30 எம்பி வரும். நானூறு படம் என்றால் பத்துப் பன்னிரண்டு ஜிபி. அது பெரிய விஷயமில்லை. குடும்பத்தில் ஒருவர் பொறுமையாக உட்காருவாரா என்பதுதான் கேள்வி. அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த வழி பாதியில் நிற்கும்.

## தொழில்முறைப் போட்டோகிராபர்

போட்டோகிராபர் என்றால் எல்லோரும் ஒன்றில்லை. கல்யாணம் எடுப்பவரின் திறமை வேறு. வேகம், முகம், உணர்ச்சி. அவர் அறைக்குள் வந்ததும் குறுக்கே இருக்கும் ஸ்டூலை நகர்த்துவார், அகல லென்ஸ் போடுவார், நிறத்தை அழகாக்கித் தருவார். எல்லாம் நல்லெண்ணத்தில்தான். நமக்கு வேண்டியது நகை, பட்டுப்புடவை, பழம்பொருள், ஓவியம் இப்படிப் பொருள்களை விளம்பரத்துக்கோ கேட்டலாகுக்கோ எடுத்துப் பழகியவர்.

ஓவியங்களுக்கு இவரைவிட வேறு வழி சிறப்பில்லை. வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியத்தில் எந்தக் கோணத்தில் நின்றாலும் ஒரு மூலையாவது பளபளக்கும். அவர் விளக்கின் முன்னும் லென்ஸின் முன்னும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியை வைத்து அந்தப் பளபளப்பை முழுக்க எடுத்துவிடுவார். தஞ்சாவூர் ஓவியம் என்றால் ஒரு எச்சரிக்கை. அதே போலரைசர் தங்கரேக்கின் மினுக்கையும் கொன்றுவிடும், தங்கம் கறுத்துப்போய் வரும். ஆகவே போலரைசரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படம் கேளுங்கள். தடித்த பெயின்ட் பூச்சு உள்ள படங்களுக்குப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வெளிச்சம் விட்டு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பிரஷ் ஓடிய தடம் அதில்தான் தெரியும்.

மறைமுகச் செலவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிறையப் பேர் ஜேபெக் மட்டும் தருவார்கள், ரா ஃபைல் தர மாட்டார்கள். அதை முதலிலேயே பேசிவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை. அவர் நீட்டும் தாளில் உரிமை தனக்கே என்று ஒரு வரி இருந்தால் அது செல்லும். ஆகவே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவருடைய பக்கத்தில் மாதிரிக்குப் போட்டுக்கொள்ளலாமா என்பதையும் எழுத்திலேயே வையுங்கள்.

வெளியாள் வருவதற்கு முன் கடிதங்கள், வங்கித் தாள்களை என்ன செய்வது? அகற்றினால் இடம் கலையும். முதலில் அவை இருந்த இடத்தை நீங்களே போனில் எடுத்துக்கொண்டு, பிறகு எடுத்து உள்ளே வையுங்கள்.

## 360 பாகைப் படமும் முப்பரிமாண ஸ்கேனும்

இவை இரண்டு வேறு வேறு விஷயம். 360 கேமரா அறையின் நடுவில் நின்று சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒரே படமாகப் பிடிக்கும். அதில் விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அறைக்குள் நிற்கும் உணர்வு வரும். ஆனால் 60 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது முழு உருண்டைக்கும் பரவியது. 24 மில்லிமீட்டர் லென்ஸ் பிடிக்கும் அகலத்துக்கான பங்கைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,200 புள்ளிகள்தான் வரும். சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா அதே அகலத்தை 6,000 புள்ளிகளில் எடுக்கும். கலர் டப்பாவின் லேபிளைப் படிக்க வேண்டும் என்றால் 360 உதவாது.

முப்பரிமாண ஸ்கேன் நீள அகல உயர அளவுகளோடு வருகிறது. 2020இல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ வகைப் போன்களில் லைடார் என்ற, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார் இருக்கிறது. ஐந்து மீட்டர் தூரம் வரை அளக்கும், நம் அறைக்கு அது தாராளம். லைடார் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு படமும் முந்தையதன் மேல் 60 முதல் 80 சதவீதம் ஏறும்படி நூற்றுக்கணக்கில் எடுத்தால் கம்ப்யூட்டர் அறையைக் கட்டிக் கொடுக்கும். கண்ணாடி போட்ட படங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவுமே இல்லாத வெள்ளைச் சுவர் இவற்றில் இந்த இரண்டு வழிகளுமே தடுமாறும். பிரஷ் முடி, தொங்கும் வயர் போன்ற மெல்லியவை கரைந்துபோகும்.

இது யாருக்கு அவசியம்? அறையைப் பிரித்து வேறு இடத்தில் திரும்ப அமைக்க நினைப்பவர்களுக்கு. 1992இல் இறந்த ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனின் லண்டன் ஸ்டூடியோவை 1998இல் டப்ளினின் ஹியூ லேன் கேலரி பெற்றுக்கொண்டது. தொல்லியல் அகழாய்வு செய்கிறவர்களை வைத்து, எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று வரைந்து, படமெடுத்து, எண் போட்டு, 7,000க்கு மேற்பட்ட பொருள்களையும் சுவர், கதவு, கூரையையும் தூசியையும்கூடக் கொண்டுபோய் 2001இல் அப்படியே திறந்தார்கள். அன்று போனில் ஸ்கேன் எல்லாம் கிடையாது. வரைபடமும் எண்ணும் படமும்தான். இதைச் சொல்வதற்குக் காரணம், ஸ்கேன் செய்தாலும் கிராஃப் தாளில் அறையின் வரைபடம் ஒன்று போடுங்கள் என்று கேட்பதற்குத்தான். தாளைத் திறக்க எந்த ஆப்பும் வேண்டாம்.

மறைமுகச் செலவு இங்கேதான் எல்லாவற்றையும்விட அதிகம். பல சேவைகளில் உங்கள் அறை அவர்களுடைய சர்வரில் இருக்கும். சந்தா நின்றால் அறையும் மறைந்துவிடும். தொடங்குவதற்கு முன்னாலேயே, ஓபிஜே, பிஎல்ஒய், ஜிஎல்பி போன்ற பொது ஃபைலாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். எடுத்த மூலப் படங்களையும் தனியாக வைத்திருங்கள். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது அதே படங்களிலிருந்து அறையை மறுபடி கட்டலாம்.

## வீடியோ

நுணுக்கத்துக்கு ஆகாது. 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் எட்டு மெகாபிக்சல்தான், அதுவும் கை அசைவோடு. ஆனால் அறையை அறிந்த ஒருவர் உள்ளே நடந்து, விரல் நீட்டிப் பேசுவதை இது ஒன்றுதான் பிடிக்கும். கூடுதலாக எடுங்கள், இதை மட்டுமே நம்ப வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| வழி | நிறம் | இடமும் அளவும் | மறைமுகச் செலவு | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| போன் | நம்ப முடியாது | ஓரளவு | சுருங்கிய நகல்கள், இருப்பிடக் குறிப்பு | அவகாசம் இல்லாதபோது |
| கேமரா, டிரைபாட், கலர் கார்டு | மிக நன்று | நன்று, வரைபடம் சேர்த்தால் | பிறகு உட்காரும் நேரம் | அறை கொஞ்ச காலம் நிற்கும், பொறுமையான ஒருவர் இருக்கிறார் |
| தொழில்முறை | மிக நன்று, ஆளைப் பொறுத்து | நாம் கேட்டால்தான் | ஒப்பந்தம், பொருள்கள் நகர்வது | ஓவியங்கள், புத்தகம், கண்காட்சி |
| 360 | சுமார் | உணர்வு வரும், அளவு வராது | நுணுக்கம் இல்லை | தூரத்து உறவுகள் பார்க்க |
| முப்பரிமாண ஸ்கேன் | சுமார் | எல்லாவற்றிலும் சிறந்தது | சந்தா, ஃபைல் வகை | அறையைப் பிரித்து மறுபடி அமைக்கும்போது |

என் தேர்வு கலப்புதான். அறையை வீட்டு ஆள் கேமராவில் எடுக்கட்டும். ஓவியங்களுக்கு மட்டும் ஒரு நாள் தொழில்முறை ஆளை வையுங்கள். அறை கலையப்போகிறது என்றால் ஸ்கேனும் சேரட்டும். மொத்தத்தையும் வெளியாளிடம் விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது. சுவரில் இருந்த நீலத்தை அவர் அழுக்கு என்று நினைத்து ஃபிரேமுக்கு வெளியே விட்டிருப்பார்.

## எந்த வழியானாலும் குரல் வேண்டும்

பெரியப்பாவின் அறையில் ஒரு சரஸ்வதி படம். சிவகாசிக்கு அச்சுக்குப் போய்த் திரும்பி வந்த அசல். கீழ்ப்பகுதியில் வீணைக்குக் கொஞ்சம் தள்ளி, பென்சிலில் ஒரு நீள்சதுரக் கோடு. படம் முடிவதற்குள் விட்டுவிட்டார் போல என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பெரியம்மா சொன்னார்:

“எய்யா, அந்தக் கோடு பெரியப்பா போட்டதில்ல. பிரஸ்ல போட்டது. காலண்டர்ல தேதி ஒட்ட எடம் விடணும்லா, அதுக்கு.”

இந்த ஒரு வரி எந்தக் கேமராவிலும் வராது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, அறையை நன்றாக அறிந்தவரை உட்காரவைத்து, திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிப் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். முதலில் எண்ணைச் சொல்லுங்கள், பிறகு அவர் பேசட்டும். ஒரேயடியாக உட்கார வேண்டாம். வயதானவர்களுக்குக் களைப்பும் வரும், துக்கமும் வரும். வேறு எந்தக் கருவிக்குப் பணம் இல்லாவிட்டாலும் இதற்குப் பணம் வேண்டாம். தள்ளிப்போட மட்டும் முடியாது.

## உரிமையும் பாதுகாப்பும்

படத்தை எடுத்தது நீங்கள் என்பதால் அதிலிருக்கும் ஓவியம் உங்களுடையதாகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஓவியரின் பதிப்புரிமை, அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் நீடிக்கும். 2010இல் இறந்தவர் என்றால் 2070 முடியும் வரை. உயில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அது எல்லா வாரிசுகளுக்கும் சேர்ந்தது. காலண்டர் ஓவியர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அச்சகத்துக்கு வரைந்து கொடுத்தபோது உரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுத்திருக்கலாம். வெளியிடும் முன் பழைய ரசீதுகளைத் தேடிப் பாருங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரிடமும் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிவிடுவது உறவுக்கு நல்லது.

ஃபைல்களை மூன்று நகல்களாக வையுங்கள். இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். கூகுள் கணக்கில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அவர்கள் அழிக்கலாம். கணக்கு வைத்திருந்த பெரியவர் போய்விட்டால் இரண்டு வருடம் என்பது சீக்கிரம் ஓடிவிடும். முக்கியமான படங்களை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. அச்சுக்கலை, காலண்டர் சார்ந்த சேகரிப்பு என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரியான இடங்களில் பேசிப் பார்க்கலாம். பேசப் போகும்போது எண் போட்ட பட்டியலோடு போங்கள்.

## ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

காலையில் யாரையும் உள்ளே விடாதீர்கள். நான்கு மூலை, நான்கு சுவர், தரை, கூரை, மேசையின் மேல்பரப்பு. இது மதியத்துக்குள் முடிய வேண்டும். பிறகு இழுப்பறைகள். அதற்கப்புறம் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண் எழுதிய துண்டுச் சீட்டையும் ஒரு ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். அதே எண்ணை அது போகும் பெட்டியின் மேலும் எழுதுங்கள். ஓவியங்களை அன்று முழுசாக எடுக்க முயற்சி செய்ய வேண்டாம், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று போதும். பின்பக்கத்தில்தான் தேதியும் வாங்கியவர் பெயரும் இருக்கும். ஓவியங்கள் எப்படியும் உங்களோடுதான் வரப்போகின்றன. வெளிச்சம் போன பிறகு, அறையை அறிந்தவரைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். தூங்குவதற்கு முன் மெமரி கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுத்து, இரண்டிலும் படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். கார்டை அழிப்பது அடுத்த வாரம்.